மூணுதரமும் ஒரு முழமும்

லிப்ட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் உழைத்த அந்த மெக்கானிக்குக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே புழங்கியது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'மூணுதரம்'. எதையும் மூன்று முறை பார்க்காமல் நகரமாட்டார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் சூட்டிய பட்டம் அது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பார். அடுப்பை அணைத்தால் மூன்று முறை குனிந்து பார்ப்பார். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, அது உள்ளேதான் விழுந்ததா என்று பெட்டியின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஜெபமும் அப்படித்தான். கட்டிலோரம் முழங்காலிட்டு, ஒரே ஜெபத்தை ஒரு வார்த்தை பிசகாமல் மூன்று முறை சொல்வார்.

"ஏங்க, முதல் தடவை சொன்னது அவருக்குக் கேக்காதா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"கேக்கும். இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு."

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. அந்த மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் அவரிடம் மழையைப் பற்றிக் கேட்டாலும் மாத்திரையைப் பற்றிக் கேட்டாலும், பேச்சு சுற்றிச் சுற்றி இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலைப் பொழுதில்தான் போய் நிற்கிறது. அந்தக் காலை அவ்வளவு சந்தோஷமானது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வாழ்க்கையிலேயே அதைவிட மோசமான காலை இருந்ததில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்தவர்கள் இடையில் எழுந்து போகமாட்டார்கள்.

மனைவியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பொத்தான், ஜிப், நூல் விற்கும் கடையில் அவள் வேலை பார்த்தாள். அதனால் தெருவுக்கே அவள் பொத்தான் அக்கா. கடையின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார்கள். யாராவது கோட்டோடு வந்து, "இந்தப் பொத்தான் ஒண்ணு விழுந்துடுச்சு" என்று பதறினால், பொத்தான் அக்கா பார்க்காமலே கையை நீட்டி அந்த இழுப்பறையை இழுப்பாள். பதறுவது அவளுக்குப் பிடிக்காது. பதறுகிறவர்களைப் பிடிக்கும். இல்லாவிட்டால் மூணுதரத்தோடு குடித்தனம் நடத்தியிருக்க முடியுமா?

அவளுக்கு வேதத்தில் பெரிய பாண்டித்தியம் ஒன்றும் கிடையாது. நாலைந்து சின்ன விஷயங்கள் தெரியும், அவ்வளவுதான். நாளைய கவலையை நாளைக்கு விட்டுவிடு. குருவியைக்கூட ஆண்டவர் மறப்பதில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் சுற்றி வளைக்காதே. இவற்றை அவள் பிரசங்கமாகச் சொல்லமாட்டாள். "உப்பு டப்பாவை இப்படித் தள்ளுங்க" என்று சொல்லும் அதே குரலில் சொல்வாள்.

மூணுதரத்துக்கு அதில் எதுவும் ஒட்டாது. "குருவிக்கு என்ன, லிப்ட் மெயின்டனன்ஸா பார்க்குது?" என்பார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார், கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருவார். வீட்டில் எதையாவது அணைக்காமல் வந்திருந்தால் ஓட வசதியாக இருக்க வேண்டுமே. அவருடைய எண்ணத்தில் விசுவாசம் என்பது நல்ல குரல் வளம் மாதிரி. சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும், அவர்கள் பாடுவார்கள். மற்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைக்க வேண்டியதுதான்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். லிப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முறையாக முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து கீழே இருக்கும் தகடு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார்கள். பின்னால் வந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். கோடு உடைந்திருந்தால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். மற்றவர்கள் பெயின்ட்டில் இழுத்தார்கள். மூணுதரம் சிவப்பு நகப்பூச்சில் இழுத்தார். சீக்கிரம் காயும், எண்ணெய் பட்டாலும் அழியாது. மாதத்துக்கு ஒரு குப்பி அவரே போய் வாங்குவார். ஒருநாள் ஆலயத்தில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து குப்பி உருண்டு போதகரின் மனைவி காலடியில் போய் நின்றது. அந்த அம்மாள் அதை எடுத்து, யாருக்கும் தெரியாமல் பொத்தான் அக்காவின் கையில் திணித்து, "ஜெபம் பண்ணிக்கறேன்மா" என்று சொன்னாளாம். பொத்தான் அக்கா வீடு வந்து சேரும் வரை சிரித்தாள். வீடு மூன்றாவது மாடி. நகரம் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கியவரின் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி.

அந்தப் படிகளில்தான் ஒருநாள் அவள் பாதியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி. டாக்டர் நல்ல மனிதர், ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: "எடுத்துடலாம். ஆனா எப்படிப்பட்ட கட்டின்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து மூணுதரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், புதன்கிழமை காலை. வெளியூரில் இருந்த மகளுக்கு நிறைமாதம், வரமுடியாது. பொத்தான் அக்காவின் அண்ணன் வந்து சேர்ந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கும் பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். "மாப்பிள்ளை, நான் இருக்கேன்ல, நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்று அவர் முதுகில் தட்டியதில் மூணுதரத்துக்கு இருமல்தான் வந்தது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி லிப்டைப் பராமரித்தவர் மூணுதரமேதான். ஆபரேஷன் தியேட்டர் நாலாவது மாடி. ஸ்ட்ரெச்சர் போவதற்கு அந்த ஒரு லிப்டை விட்டால் வேறு வழி இல்லை. செவ்வாய்க்கிழமை காலை மாதாந்திரச் சோதனை முறைப்படி அவர் கையில் வந்தது. கயிறு பார்த்தார், பிரேக் பார்த்தார், ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டுகளைப் பார்த்தார். கதவு மூடியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது அந்தப் பூட்டுதான். அது கொஞ்சம் அசைந்தாலும் லிப்ட் அங்கேயே நின்றுவிடும். விழாது, நின்றுவிடும். ஆளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாக் கோடும் நேராக இருந்தது.

மத்தியானம் மனைவியைச் சேர்த்துவிட்டு வார்டில் உட்கார்ந்திருந்தபோது, நாலாவது மாடிக் கதவுப் பூட்டின் போல்ட் அவர் நினைப்புக்கு வந்தது. முறுக்கினோமா? முறுக்கினோம். போதுமான அளவு முறுக்கினோமா? எழுந்து போனார். கோடு நேராக இருந்தது. இருந்தாலும் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார். வார்டுக்கு வந்தார்.

"எங்க போனீங்க?"

"சும்மா, தண்ணி குடிக்க."

நாலு மணிக்கு மறுபடி போனார். கோடு நேராகவே இருந்தது. மறுபடி ஒரு இழுப்பு. ஆறு மணிக்கு, மனைவிக்கு ரத்தம் எடுக்க நர்ஸ் வந்த நேரத்தில், மூன்றாவது முறையாகப் போனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாளைக்கு இந்தக் கதவைத் தாண்டித்தான் அவள் போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்பாடா, இப்போதுதான் சரியாக உட்கார்ந்தது என்று பெருமூச்சு விட்டு, நிதானமாக நகப்பூச்சைத் தடவிவிட்டு வந்தார். வாழ்நாள் முழுக்க இல்லாததையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரே சத்தத்தை மட்டும் நம்பிவிட்டார்.

புதன்கிழமை காலை எட்டே முக்கால். பொத்தான் அக்காவுக்குப் பச்சை அங்கி போட்டு, தலைக்குத் துணித் தொப்பி மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். லிப்டுக்குள் ஒரு நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள், அவள், மூன்று பேர். வேறு யாருக்கும் அனுமதி இல்லை. கதவு மூடுவதற்கு முன்னால் அவள் அவரைப் பார்த்து, "காலைல எதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

கீழே நின்றபடி மேலே எரியும் எண்களைப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு மாடிக்கு ஐந்து நொடி என்பது அவருக்கு மனப்பாடம். ஐந்தாயிற்று. எட்டாயிற்று. எண் மூன்றிலேயே நின்றது.

"என்ன மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

மாப்பிள்ளை அங்கே இல்லை. படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாடிக்கு மேலே மெஷின் அறை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் அந்த நேரத்தில் வேறு கட்டடத்தில் இருந்தார், அவர் வர அரைமணி ஆகும். கரண்டை அணைத்துவிட்டு லிப்டைக் கையால் ஏற்ற வழி உண்டு. ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக் கம்பியை அழுத்திப் பிரேக்கைத் திறக்க வேண்டும், ஒருவர் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்தது மச்சான் மட்டும்தான். இந்த உலகத்தில் மூணுதரம் கடைசியாக நம்பக்கூடிய ஆள்.

"மச்சான், நான் 'திற'ன்னா இந்தக் கம்பியை அழுத்துங்க. 'மூடு'ன்னா விட்டுடுங்க. நான் சொல்றதை நீங்க திருப்பிச் சொல்லணும். உங்க இஷ்டத்துக்கு எதையும் செய்யாதீங்க."

பிறந்ததிலிருந்து யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லிப் பழக்கமில்லாத மச்சான், "சரிங்க மாப்பிள்ளை" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

மூணுதரம் சக்கரத்தில் கையை வைத்தார். கை நின்றால்தானே. எத்தனையோ பேரை இப்படி ஏற்றிக் காப்பாற்றிய அதே கைதான். இப்போது சக்கரத்தின் மேல் தந்தியடித்தது. மெஷின் அறைத் தரையில் கயிறுகள் இறங்கும் துளை உண்டு. அதில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஏம்மா! கேக்குதா?"

கீழே ஆழத்திலிருந்து அவள் குரல் வந்தது. "கேக்குது. கத்தாதீங்க. இங்க சிஸ்டர் பயப்படுறாங்க."

"நான் மேல இருக்கேன்."

"தெரியும். வேற எங்க இருப்பீங்க?"

"எனக்குக் கை நடுங்குதும்மா. பிடிக்க முடியலை."

உப்பு டப்பாவைத் தள்ளச் சொல்லும் அதே குரலில் அவள் கேட்டாள்.

"என்னங்க, கவலைப்பட்டு யாராவது தன் உயரத்துல ஒரு முழம் கூட்டிக்க முடியுமான்னு ஆண்டவர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"முடியாதுல்ல?"

"முடியாது."

"நான் இன்னும் எத்தனை முழம் ஏறணும்?"

அவர் கயிற்றில் இருந்த மாடி அடையாளத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "மூணு முழம்."

"மூணுதானே. கவலைப்பட்டா ஏறாது, சக்கரத்தைச் சுத்தினா ஏறும். ஒண்ணொண்ணா வரட்டும், நான் எங்கயும் போகலை."

மச்சான் அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டார். மூணுதரம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார்.

"திற."

"திறந்தேன்."

கால் சுற்று. "மூடு." "மூடினேன்." மறுபடி. ஒரு முழுச் சுற்றுக்கு லிப்ட் ஒரு அங்குலம் ஏறும். திற, திறந்தேன், மூடு, மூடினேன். பிரேக் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, கண் கயிற்றிலேயே இருக்க வேண்டும். மச்சானின் கையை நம்பித்தான் ஆக வேண்டும். முதல் முழம் முடிந்ததும் துளையைப் பார்த்து, "ஒரு முழம் ஆச்சு!" என்று கூவினார்.

"ஸ்தோத்திரம்!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. நர்ஸ் சிரிப்பதும் கேட்டது. இரண்டாவது முழத்துக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆளின் குரலும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது முழத்தில் கயிற்றின் அடையாளம் சரியாக வந்து நின்றபோது, மூணுதரம் தன் கையைப் பார்த்தார். நடுக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

நாலாவது மாடிக்கு ஓடி வந்து, தன் சாவியால் கதவைத் திறந்தார். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. அவள் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். தொடப் போனார், "கிரீஸ் கையோட தொடாதீங்க சார்!" என்று நர்ஸ் அதட்டினாள். தியேட்டர் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். லிப்ட் வாசற்படியின் இடுக்கில் ஒரு போல்ட் தலை கிடந்தது. அதில் சிவப்புக் கோடு. முந்தைய நாள் மாலை போட்ட அதே கோடு, பளபளவென்று. போல்ட் தளரவே இல்லை. முறுக்கிய முறுக்கில் கழுத்து விரிசல் விட்டு, லிப்ட் ஏறிய அதிர்வில் முறிந்து விழுந்திருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். வருவதற்கு முன்னால் மச்சான் காதைக் கடித்தார்: "பழைய போல்ட்டு, தானா போயிடுச்சுன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. யாரு கண்டா?"

உண்மையில் அந்த எண்ணம் மூணுதரத்துக்கும் வந்திருந்தது. முப்பது வருஷ வேலை, விருப்ப ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. ஆனால் உள்ளே ஒருத்தி கத்தியின் கீழே படுத்திருக்கிறாள். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை என்று சொல்கிறவள். அவள் மயக்கம் தெளிந்து கேட்டால் என்ன சொல்வது?

"நான்தான் சார் உடைச்சேன்," என்றார். "நேத்து மூணு தடவை வந்து முறுக்கினேன்."

சூப்பர்வைசர் போல்ட் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு நேரா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குக் கை வெச்சீங்க?"

அது, ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் அவர் செய்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரோ கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. "பயம் சார்," என்றார் கடைசியில். அந்த ஒரு சொல்லை வெளியே சொன்னதும், என்னவோ, மூச்சு விடுவது சுலபமாக இருந்தது. சூப்பர்வைசர் திட்டவில்லை. எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வரும் என்றும், இனி இந்த ஆஸ்பத்திரிக்கு வேறு ஆள் வருவார் என்றும் சொல்லிவிட்டுப் புதுப் போல்ட்டைத் தானே மாட்டினார்.

பிறகு பெஞ்ச். தியேட்டருக்கு வெளியே இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பெஞ்ச். மூணுதரத்துக்கு அதுதான் பெரிய சோதனை. மூடிய கதவுக்கு அப்பால் முறுக்கிப் பார்க்க ஒன்றுமில்லை, இழுத்துப் பார்க்கப் பூட்டில்லை. உள்ளே இருக்கும் கைகள் யாருடையவோ. மச்சான் வாங்கி வந்த காப்பி கையிலேயே ஆறிப்போனது.

கண்ணை மூடி ஜெபித்தார். "ஆண்டவரே, எனக்கு அவ வேணும்," என்றார். வழக்கமான நீள ஜெபம் எதுவும் வரவில்லை. இரண்டாவது முறை சொல்ல வாய் திறந்தது. நேராக இருந்த கோடு ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். சொன்னது சொன்னதாக இருக்கட்டும், இனி அது ஆண்டவர் பாடு என்று விட்டுவிட்டார். அப்படி விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், பெஞ்சின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வலித்தன. மனிதர்கள் நினைப்பதுபோல் நிம்மதி ஒன்றும் பூவாக வந்து மடியில் விழவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடவில்லை. மச்சான் இப்போதும் அதைத்தான் அதிசயம் என்று சொல்வார்.

டாக்டர் வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, பார்வைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை, ரிப்போர்ட் வரட்டும் என்றார். ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. மச்சான் வார்டு முழுக்க இனிப்புக் கொடுத்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கீழே வாசலில் வண்டியிலிருந்து இறங்கி, பொத்தான் அக்கா ஐம்பத்து நாலு படியையும் அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு படியாக, அவர் தோளைப் பிடித்து ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், "கொஞ்சம் உக்காருவோம்" என்றாள். உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் படியில் விழுந்தது. எதிர்வீட்டு ரேடியோ ஏதோ விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "அன்னைக்கு லிப்ட்ல உனக்கு எங்கேயிருந்து அவ்வளவு தைரியம் வந்துச்சு?"

அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் அடக்க முடியவில்லை.

"தைரியமா? எனக்கா? அந்த சிஸ்டர் கையைப் போய்ப் பாருங்க. நான் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்ச தழும்பு இன்னும் போகலை. இன்னைக்குக் கிளம்பும்போது காட்டினாங்க."

"பின்ன அந்த முழம், அது இதுன்னு..."

"லிப்ட் நின்ன உடனே எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க. சின்ன வயசுலேருந்து படிச்சது, பாடினது, ஒண்ணுகூட வாய்ல வரலை. செத்துப்போயிடுவேன்னே நெனச்சேன். நீங்க மேலேயிருந்து கை நடுங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் அந்த ஒரு வரி எங்கேயிருந்தோ வந்துச்சு. எனக்குத்தான் சொல்லிக்கிட்டேன். உங்களுக்கும் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்."

மூணுதரம் அவளையே பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள், அதனால்தான் அந்த வார்த்தைகள் அவளுக்குப் பலிக்கின்றன என்று அவர் நம்பியிருந்தவள்.

"அப்போ நீயும் பயப்படுவியா?"

"தினமும்தான். நீங்க பூட்டை இழுத்துப் பார்க்கறீங்க, நான் அதைச் சொல்லிப் பார்க்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பயமே இல்லாதவனுக்கு எதுக்குங்க பயப்படாதேன்னு சொல்லணும்? நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத்தான் சொல்லி வெச்சிருக்கு."

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து மெதுவாகச் சாத்திக்கொண்டார். கடைசி பெஞ்ச் என்று அவர் நினைத்திருந்த இடத்தில் அவளும் இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவர்தான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்கள். அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். பூட்டை இழுப்பது நிற்கவில்லை. ஆனால் பயம் வந்தால் மறைக்காமல், "எனக்குப் பயமா இருக்கு" என்று அவளிடம் சொல்லக் கற்றுக்கொண்டார். அவளும் சொன்னாள். பாதி நாள் இருவரும் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது கடைக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு அவர் உட்காருகிறார். மூச்சு வாங்குகிறது என்று அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். அவள் இல்லாத வீட்டைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆண்டவரிடம் அவர் வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லிவிட்டு எழுந்து, மீதிப் படிகளை ஏறுகிறார்.